டோக்கன் யாரிடம் இருக்கிறது?

சென்னை
10 ஜூன் 2025

அன்புள்ள ஜஹீரா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமா? கழுத்து வலி எப்படி இருக்கிறது? பெருநாளுக்கு நான் வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். என்ன செய்ய, பெருநாளன்றும் யாருக்கோ டெண்டர் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுவாள் என்று சிரிக்காதே. உன் போனுக்கு அடித்தால் வாஹித் மச்சான் எடுக்கிறார். மெசேஜ் போட்டால் உனக்கு முன்னால் அவர் படித்துவிடுகிறார். காகிதத்தை மனிதர் தொடமாட்டார். அதனால்தான் உன் ஷூ தையல் யூனிட் முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். நீயும் அப்படியே போடு.

விஷயம் இதுதான். வனக்காவலர்களுக்கு பூட்ஸ் வாங்க டெண்டர் வந்திருக்கிறது. அதில் ஆயிரத்து இருநூறு ஜோடி, பெண்களே சொந்தமாக நடத்தும் சிறு யூனிட்டுகளுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் மையத்தின் வேலையே சிறுபான்மையினர், பெண்கள் நடத்தும் யூனிட்டுகளுக்கு இந்த மாதிரி அரசு ஆர்டர் வாங்கிக் கொடுப்பதுதான். ஊரார் யூனிட்டுக்கெல்லாம் ஓடுகிறேன், என் அக்காவுக்கு ஓடமாட்டேனா?

குறைந்தது பத்து தையல் மிஷின் வேண்டும். சாம்பிள் இரண்டு ஜோடி வேண்டும். அப்புறம் உன் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். பென்டிரைவ் மாதிரி சின்னதாக இருக்கும். கம்ப்யூட்டரில் செருகி ரகசிய எண்ணைப் போட்டால் அதுதான் உன் கையெழுத்து. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்ததாகச் சொன்னாய். அது யாரிடம் இருக்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்.
தங்கை சானியா

*

ஆம்பூர்
14 ஜூன் 2025

அன்புத் தங்கை சானியாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் நலம். உனக்கு இளைப்பு வராமல் இருக்கிறதா? அந்த ஹாஸ்டல் சாப்பாட்டை நம்பாதே. மாத்திரையை நேரத்துக்குப் போடு.

உன் கடிதத்தை போஸ்ட்மேன் கொண்டுவந்தபோது கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்து பாரதிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, இன்னாக்கா இது, கையெழுத்து கேக்குறாரு" என்கிறாள். என் யூனிட்டில் இப்போது அவளையும் சேர்த்துப் பதினொரு பேர். வேலைதான் இல்லை. நயீம் சாஹிப் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்த தையல் வேலை பாதியாகக் கம்மியாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டுகிறோம். இப்படியே போனால் ஆகஸ்டில் பூட்ட வேண்டியதுதான். அதனால் நீ எழுதியதைப் பாரதிக்கும் வாசித்துக் காட்டினேன்.

மச்சானிடம் சொன்னேன். அவர் நயீம் சாஹிபிடம் சொன்னார். சாஹிப் ரொம்ப சந்தோஷப்பட்டாராம். "பண்ணுங்க, நான் பின்னாடி இருக்கேன்" என்றாராம். மிஷின் பத்து இருக்கிறது. போட்டோ வைத்திருக்கிறேன். சாம்பிளும் தயாராகிவிடும்.

ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வந்தது. உனக்கென்று எடுத்துவைத்து, கெட்டுப்போகும் என்று நானே தின்றுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உனக்கு எப்போதும் துஆ செய்யும்
அக்கா ஜஹீரா

*

சென்னை
18 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். இளைப்பு இல்லை. பேடாவுக்குக் கணக்கு பிறகு தீர்க்கிறேன்.

போட்டோவில் பத்து மிஷின் இருக்கிறது, பார்த்தேன். போன வருஷம் நான் கேட்டபோது ஆறு என்றாய். நான்கு எப்போது குட்டி போட்டது? வேலையே இல்லை என்று அழுகிறவள் மிஷின் எங்கிருந்து வாங்கினாய்? நம் ஊரில் ஆடிட் என்றால் பக்கத்து யூனிட்டில் மிஷின் இரவல் வாங்கி நிறுத்துவது கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவது மாதிரிதான், எனக்கும் தெரியும். ஆனால் இது அரசாங்க டெண்டர் அக்கா. வந்து பார்ப்பார்கள்.

நான் கேட்ட முக்கியமானதற்கு நீ பதில் எழுதவில்லை. டோக்கன் யாரிடம் இருக்கிறது? அதை எடுத்துக்கொண்டு நீ இங்கே வந்தால் என் மேஜையிலேயே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுவிடலாம். ஜூலை ஒன்றாம் தேதி கடைசி நாள்.

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.
சானியா

*

ஆம்பூர்
24 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். கழுத்து பரவாயில்லை. நீ சொன்ன ஒத்தடம் கொடுக்கிறேன்.

மிஷின் தவணையில் எடுத்தது. நீ ஒன்றும் போலீஸ்காரி இல்லை, இத்தனை கேள்வி கேட்காதே. சென்னைக்கு வருவது இப்போது தோதுப்படாது. விண்ணப்பத்தை இங்கேயே போட்டுவிடுகிறோம், உனக்கு எதற்கு அலைச்சல். சாம்பிள் இரண்டு ஜோடி இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. நன்றாக வந்திருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

பாரதி பெண் பத்தாவதில் பாஸ். யூனிட்டில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தாள். "ஆர்டர் வந்துடுச்சுன்னா அவள பிளஸ் ஒன்ல சேத்துடுவேன்க்கா" என்கிறாள். ஆண்டவன் பார்த்து நல்லது செய்யட்டும்.

அக்கா ஜஹீரா

*

சென்னை
5 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நலமா? எனக்கு இரண்டு நாளாக இளைப்பு.

உன் விண்ணப்பம் முதல் சுற்றில் தேறிவிட்டது. பெண்கள் ஒதுக்கீட்டில் மிஞ்சியிருப்பது உன்னோடு சேர்த்து இரண்டே பேர். ஜூலை 17 வியாழக்கிழமை அதிகாரி உன் யூனிட்டுக்கு நேரில் வருகிறார். அது சரியாக இருந்தால் ஆர்டர் உனக்குத்தான்.

எங்கள் மையம் ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. 'இந்த யூனிட்டை நேரில் பார்வையிட்டேன், உரிமையாளரான பெண்ணே நடத்துகிறார்' என்று. கையெழுத்துப் போட்டுவிட்டேன். மற்ற யூனிட்டுகளுக்கெல்லாம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். என் அக்கா யூனிட்டை நான் போய்ப் பார்க்க வேண்டுமா என்று நினைத்தேன்.

போட்ட பிறகுதான் சாம்பிளை எடுத்துப் பார்த்தேன். அழகான பூட்ஸ். கயிற்றுக்கு அடியில் இருக்கும் நாக்கைத் தூக்கி உள்பக்கம் பார்த்தேன். நீ தையல் முடிக்கும் இடத்தில் நூலைத் தீக்குச்சியால்தான் சுடுவாய். லைட்டர் வாங்கிக் கொடுத்தாலும் தொடமாட்டாய். கடுகு மாதிரி ஒரு கரும்புள்ளி விழும். சின்ன வயதில் என் ஸ்கூல் ஷூவில்கூட அது இருந்தது. இந்த இரண்டு ஜோடியிலும் ஒரு புள்ளிகூட இல்லை.

இன்னொன்று. உன் விண்ணப்பத்தோடு ஓர் அனுபவச் சான்றிதழ் இருக்கிறது. போன வருஷம் வேறு ஓர் அரசு அலுவலகத்துக்கு இரண்டாயிரம் ஜோடி ஷூ கொடுத்திருக்கிறாயாம். எப்போது தைத்தாய்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

அக்கா, மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். டோக்கன் யாரிடம் இருக்கிறது?

சானியா

*

ஆம்பூர்
10 ஜூலை 2025

சானியாவுக்கு,

ஸலாம். நலம் விசாரிக்க எனக்கு இன்று தெம்பு இல்லை. மாத்திரை மட்டும் போடு.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இரண்டாயிரம் ஜோடி ஷூவா? சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பற்றி உன் கடிதத்தில் படித்துத்தான் எனக்கே தெரியும். மச்சானைக் கேட்டேன். முதலில் முழித்தார். பிறகு கத்தினார். பிறகு சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நயீம் சாஹிப் ஆபீஸுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், "லோனுக்குப் போடு" என்று சில பேப்பரில் கையெழுத்து வாங்கினார். கேமரா முன்னால் ஜஹீருன்னிசா என்று என் முழுப் பேர், அட்ரஸ் சொல்ல வைத்தார்கள். அப்போது எடுத்த டோக்கன்தான். அன்றே சாஹிப் தன் டிராயரில் போட்டுக்கொண்டார். அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது, அதனால்தான் உனக்கு எழுதவில்லை. ஆனால் அதை வைத்து என் பேரில் ஆர்டர் எடுத்து, தன் தொழிற்சாலையில் தைத்து, தானே விற்றிருக்கிறார் என்பது தெரியாதுடி. மச்சானுக்கு மாதாமாதம் ஏதோ கொடுக்கிறாராம். இந்த ஆர்டரும் அப்படித்தான். சாம்பிள் அவருடையது. நான்கு மிஷின் அவருடையது. என்னுடையது என் பேர் மட்டும்தான்.

நேற்று சாஹிபே வந்தார். குரலை உயர்த்தவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். "பாரும்மா, அதிகாரி முன்னாடி நீ வாயத் தொறந்தா எனக்கு ஒண்ணும் ஆகாது. உன் தங்கச்சி நேர்ல பாத்தேன்னு கையெழுத்து போட்டிருக்காங்க இல்ல? அவங்க வேலைதான் போகும்."

சொன்னால் உன் வேலை போகும். சொல்லாவிட்டால் சாகும்வரை நான் அவர் டிராயரில் கிடக்க வேண்டும். பாரதி போனிலிருந்து மூன்று தடவை உனக்கு அடித்தேன். நீ எடுக்கவில்லை. வேலையில் இருந்திருப்பாய்.

பதினேழாம் தேதிக்குள் பதில் போடு. சொல்லட்டுமா, வேண்டாமா? நீ எழுதுவதைத்தான் செய்வேன்.

ஜஹீரா

*

சென்னை
14 ஜூலை 2025

அக்காவுக்கு,

ஸலாம்.

மூன்று தடவை அடித்தாய். போன் கையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் அழுதிருப்பேன்.

சும்மா இரு அக்கா. இந்த ஒரு தடவை. அதிகாரி கேட்டால் மிஷின் உன்னுடையது என்று சொல். ஆர்டர் வரட்டும், பாரதியோடு பதினொரு பேரும் பிழைக்கட்டும். அதற்குப் பிறகு டோக்கனை ரத்து செய்ய நானே வழி பார்க்கிறேன். இந்த வேலை போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆறு வருஷமாக 'பேருக்கு மட்டும் பெண் முதலாளி' என்பதை எதிர்த்து மேடை மேடையாகப் பேசியவள் நான். இப்போது உனக்கு எழுதுவதைப் பார். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

சானியா

*

ஆம்பூர்
18 ஜூலை 2025

அன்புத் தங்கை சானியாவுக்கு,

ஸலாம். நலமாக இருக்கிறாயா? நேற்று காலை பதினொரு மணிவரை போஸ்ட்மேனுக்காக வாசலிலேயே நின்றேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பதினொன்றரைக்கு அதிகாரியின் ஜீப் வந்துவிட்டது.

நாற்பது வயது இருக்கும், ஒரு அம்மா. பேச்சு கம்மி. வந்ததும் மிஷின் நம்பரை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். மச்சான் பின்னாலேயே போய் "எல்லாம் நம்மளுதுதான் மேடம்" என்றார். சாஹிபின் மேனேஜர் தௌசீப் அகமது, யாரோ வேலையாள் மாதிரி மூலையில் நின்றான். பாரதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் நூல்கண்டை எடுத்து வைத்தேன், திரும்ப எடுத்தேன்.

அந்த அம்மா என்னை உட்கார்ந்து தைத்துக் காட்டச் சொன்னார். என் மிஷினில் உட்கார்ந்து தைத்தேன். முடித்துத் தீக்குச்சி கிழித்து நூலைச் சுட்டேன். உற்றுப் பார்த்தார். பையிலிருந்து சாம்பிள் பூட்ஸை எடுத்து நாக்கைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்:

"டெண்டர் நீங்கதானம்மா போட்டீங்க? டோக்கன் எங்க? கொண்டாங்க, பாக்கணும்."

மச்சான் முந்திக்கொண்டார். "ஆபீஸ்ல இருக்கு மேடம்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "எந்த ஆபீஸு? எனக்கு ஆபீஸே கிடையாது மேடம். நயீம் சாஹிப் டிராயர்ல இருக்கு. ரெண்டு வருஷமா அத நான் கண்ணால பாத்ததில்ல. இந்த நாலு மிஷினும் என்னுது இல்ல. அந்த பூட்ஸும் நான் தைக்கல. இந்த ஆறுதான் என்னுது" என்று சொல்லிவிட்டேன். தௌசீப் வெளியே போய் போன் போட்டான்.

எல்லாவற்றையும் எழுதி என் கையெழுத்து வாங்கினார், பேனாவால். கடைசியில் உன் சான்றிதழை எடுத்தார். "சானியான்னு ஒருத்தவங்க நேர்ல வந்து பாத்ததா போட்டிருக்காங்க. வந்தாங்களா?"

அதற்கு மட்டும் எனக்கு வாய் வரவில்லை சானியா. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் புத்தகத்தை மூடினார்.

என்னை மன்னித்துவிடு. மச்சான் வாணியம்பாடிக்கு அவர் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். நான்கு மிஷினையும் சாயங்காலமே வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள்.

ஜஹீரா

*

ஆம்பூர்
22 ஜூலை 2025

சானியாவுக்கு,

ஸலாம். உன் 14ஆம் தேதிக் கடிதம் இன்று வந்தது. படித்தேன். கிழிக்கச் சொன்னாய், கிழித்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் ஸ்பீட் போஸ்டில் போட்டவள், இதற்கு மட்டும் அஞ்சு ரூபாய் கவர் வாங்கி ஒட்டி தெருமுனைப் பெட்டியில் போட்டிருக்கிறாய். பதினேழாம் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டிய கடிதம் என்று உனக்குத் தெரியாதா?

பதில் எழுத வேண்டாம். எனக்குப் புரிந்துவிட்டது. உன்மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை.

அக்கா

*

ஆம்பூர்
25 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். ஒரு மாதமாகிவிட்டது. கவரைப் பற்றிக் கேட்டு எழுதினேனே, அதற்குப் பிறகு உன் ஆபீஸுக்கு அனுப்பிய இரண்டு கடிதமும் 'இந்தப் பேரில் யாரும் இல்லை' என்று திரும்பி வந்துவிட்டன. இதை ஹாஸ்டல் முகவரிக்குப் போடுகிறேன். உன் போனும் அணைந்து கிடக்கிறது. எனக்கு சோறு இறங்கவில்லை. இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

ஜஹீரா

*

சென்னை
2 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். இருக்கிறேன். நீ சாப்பிடு முதலில்.

உன் 18ஆம் தேதிக் கடிதம் ஆபீஸில் கையில் கிடைத்தது. நீ பதில் சொல்லாமல் தலை குனிந்தாய் என்று படித்ததும் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மறுநாள் நானே அந்த அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். "நான் போகல மேடம். பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்" என்றேன். மையத்தில் என்னை நீக்கினார்கள். அவர்கள் செய்தது சரி. வெட்கத்தில் போனை அணைத்துப் போட்டேன். உனக்கு எழுதவும் கை வரவில்லை. இப்போது ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறேன். இளைப்பு கம்மிதான்.

நீ கேட்ட அந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடும்போது என்ன நினைத்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது அக்கா. போஸ்ட் ஆபீஸ் வாசல்வரை போனேன், உள்ளே போகவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பழைய டோக்கனை ரத்து செய்ய மனு எப்படி எழுத வேண்டும் என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். புதியதற்கு நீயே ஆதார் எடுத்துக்கொண்டு வேலூருக்குப் போக வேண்டும். தனியாகப் போ. புது சிம் உன் பேரில் வாங்கு. டெண்டர் எழுதப் பழக வேண்டும் என்றால் கேள். சம்பளம் இல்லாத வேலைதானே, என்னை யாரும் நீக்க முடியாது.

சானியா

*

ஆம்பூர்
20 நவம்பர் 2025

அன்புத் தங்கை சானியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். கழுத்து மறுபடி பிடித்துக்கொண்டது, அது மிஷினில் உட்கார்ந்ததால் வந்தது, வரட்டும். மழை ஜாஸ்தி, குளிரில் திரியாதே.

பூட்ஸ் ஆர்டர் போனாலும் என்னை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள் என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா. நயீம் சாஹிபை இன்னும் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் வேலை கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டார். பதினொரு பேரில் ஆறு பேர் வேறு இடம் போய்விட்டார்கள். பாரதி போகவில்லை. பெண்ணைப் பிளஸ் ஒன்னில் சேர்க்க அவள் தோட்டை அடகு வைத்தாள். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மச்சான் வந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுக்கிறார். போனைத் தொடுவதில்லை.

நீ எழுதிக் கொடுத்தபடி ஒரு நகராட்சி டெண்டர் போட்டேன். தூய்மைப் பணியாளர்களுக்கு ஷூ, நூற்றெண்பதே ஜோடி. ஆறு மிஷின் போதும் என்று போட்டிருந்தது. இரண்டு தடவை தப்பாகப் போட்டு, பேஜாராகி, மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. நேற்று முடிவு வந்தது. எனக்குத்தான் சானியா! பாரதி அழுதாள், நானும் அழுதேன். மச்சான் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்.

இந்தப் பார்சலில் இருப்பது உன் அளவுக்குத் தைத்தது. நாக்கைத் தூக்கிப் பார்த்துக்கொள்.

திங்கட்கிழமை நகராட்சியிலிருந்து யூனிட்டைப் பார்க்க வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு நீயும் வா. அரசாங்கத்துக்காக இல்லை. என் யூனிட்டை நீ ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

ஜூனிலிருந்து நீ கேட்டுக்கொண்டிருந்ததற்கு இன்றைக்குப் பதில் எழுதுகிறேன். டோக்கன் என்னிடம் இருக்கிறது.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா ஜஹீருன்னிசா